ஊருக்கெல்லாம் ஒரே ஃப்ரிட்ஜ்

காலிசொந்தோ வார்டு அலுவலகத்துச் சுவரில் லூராவின் படத்தைவிடப் பெரிதாக ஒரு திரை மாட்டியிருந்தார்கள். லூரா என்றால் வார்டுத் தலைவர். திரையில் மாவட்டத்து வார்டுகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். வீட்டுக் கணக்கெடுப்பை முடித்த வார்டு பச்சை, முடிக்காத வார்டு சிவப்பு. ஆற்றங்கரை வீடுகள் வெள்ளத்தில் மூழ்கியபோதுகூட நிதானமாகக் காபி குடித்தவர் லூரா. ஆனால் தன் வார்டின் பெயர் சிவப்பாக மின்னுவதைப் பார்த்தால் மட்டும் மனிதருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

கணக்கெடுக்கிற செயலிக்குப் பெயர் சி-லெம்பெர். லெம்பெர் என்பது வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம். கூட்டம் என்று ஒன்று நடந்தால் ஆளுக்கொரு அட்டைப் பெட்டியில் அது இருந்தே தீரும். பலகாரத்தின் பெயரை முதலில் வைத்துவிட்டு, அப்புறம் எழுத்துக்கு எழுத்து ஒரு விரிவு கண்டுபிடித்தார்கள். அந்த விரிவு கண்டுபிடித்தவருக்கே இப்போது ஞாபகமில்லை. மாவட்டத்தில் இது மாதிரி நூற்றுச் சொச்சம் செயலிகள் இருந்தன. இறந்தவர்களுக்கு ஒன்று, கொசுவுக்கு ஒன்று, மொத்தம் எத்தனை செயலி இருக்கிறது என்று எண்ணுவதற்கு ஒன்று.

சி-லெம்பெரில் ஒரு வீட்டைப் பதிய வேண்டுமானால் தொண்ணூற்றுச் சொச்சம் கட்டங்களை நிரப்பவேண்டும். தரை மண்ணா, சிமெண்டா, டைல்ஸா, சுவர் மூங்கிலா, செங்கல்லா, கழிப்பறை உண்டா, ஃப்ரிட்ஜ், மோட்டார் சைக்கிள், ஆடு, மீன்குளம், குளம் உண்டென்றால் அதன் நீளம் என்ன. ஒரு கட்டம் விட்டுப்போனால் போதும், "மன்னிக்கவும், தங்கள் வீடு முழுமையடையவில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அதுவரை எழுதியதையெல்லாம் துடைத்துப்போட்டுவிடும்.

இந்தச் சனியனோடு மல்லுக்கட்டும் வேலை பாக் சுத்ரிமோவுடையது. பெரிய மனிதர்களைத்தான் அங்கே 'பாக்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். சுத்ரிமோ வெறும் எழுத்தர்; மீசை நரைத்துவிட்ட காரணத்தால் அவருக்கும் சேர்த்தார்கள். பயிற்சி வகுப்பில் ஆளாளுக்குத் தங்கள் வீட்டையே பதிந்து பழகச் சொன்னபோது, சுத்ரிமோ வீட்டுக்குப் போய், கொல்லையிலிருந்த கெளுத்திக் குளத்தை நாடா வைத்து அளந்துகொண்டு வந்து எழுதினார். அப்படிப்பட்ட நேர்மையான மனிதர். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நேர்மையாக இருந்தார் என்பதுதான் விஷயம்.

கெடு நெருங்கியது. மற்ற வார்டுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன. லூரா திரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு புலம்பினார். "பக்கத்து வார்டுக்காரன் முடிச்சுட்டான் பாக். அவனுக்கு எழுதப்படிக்கத் தெரிஞ்ச ஆளே கிடையாது. எப்படி முடிச்சான்?"

எப்படி முடித்தான் என்பது எல்லா எழுத்தர்களுக்கும் தெரியும். ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் உண்டு: "நகலெடு." அமுக்கினால் முழுப் பதிவும் அச்சு அசலாக இன்னொன்று வந்து நிற்கும். பெயரையும் அடையாள எண்ணையும் முகவரியையும் மாற்றினால் புது வீடு தயார். சுத்ரிமோ தன் வீட்டைத் திறந்தார். அமுக்கினார். முதல் வீட்டுக்கு மனசு உறுத்தியது. பத்தாவது வீட்டுக்குக் கை வலித்தது. அதற்குப் பிறகு எதுவும் உறுத்தவும் இல்லை, வலிக்கவும் இல்லை. மற்ற கட்டங்களை அப்புறம் ஒவ்வொரு வீடாகப் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். அப்படி நினைத்தது உண்மை. அந்த 'அப்புறம்' மட்டும்தான் வரவில்லை.

வார்டு பச்சையானது. கோப்பை வந்தது, லெம்பெர்ப் பெட்டிகள் வந்தன. லூரா மைக்கைப் பிடித்து, "நம்ம வார்டுல ஃப்ரிட்ஜ் இல்லாத வீடே இல்லை! மீன் வளர்க்காத குடும்பமே இல்லை! இது நானே எதிர்பார்க்காத முன்னேற்றம்!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே எதிர்பார்க்கவில்லை. சுத்ரிமோ மட்டும் பெட்டியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அலுவலக வாசலில் பொனிராவின் பெச்செல் கடை. அவித்த கீரை, சோறு, மேலே கடலைச் சம்பல், ஓரத்தில் புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே ஒரு துண்டு. அலுவலகமே காலையில் அங்கேதான் சாப்பிடும். சுத்ரிமோ வருஷக்கணக்காக அங்கே சாப்பிடுகிறவர். பொனிராவின் புருஷன் காஸ்திக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை மாவட்ட ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணவேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற கார்டு இருந்ததால் காசு கேட்கமாட்டார்கள். அந்தக் கார்டுதான் காஸ்தியின் உயிர்.

ஒரு நாள் காலை பொனிரா கடை திறக்கவில்லை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தாள்.

"பாக், என் கார்டு செத்துப்போச்சாம்."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஆஸ்பத்திரியில கவுண்டர்ல இருக்கற பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, 'வாழ்த்துகள்க்கா, நீங்க வசதியான குடும்பமாயிட்டீங்க'ன்னு சிரிக்குது. இந்த மனுஷன் மூச்சு வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அவரும் என்னைத் திரும்பிப் பார்க்கறாரு, எப்போடி ஆனோம்கற மாதிரி!"

சுத்ரிமோ கணினிப் பக்கம் திரும்பினார். பதிவைத் திறந்தார். தரை: டைல்ஸ். ஃப்ரிட்ஜ்: ஒன்று. மோட்டார் சைக்கிள்: ஒன்று. கெளுத்திக் குளம்: மூன்று மீட்டர். தன் வீட்டுக்குள்ளேயே யாரோ பொனிராவின் பெயர்ப்பலகையை மாட்டியதுபோல இருந்தது. மாட்டிய 'யாரோ' அவர்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் வந்தது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"சிஸ்டத்துல ஏதோ தப்புக்கா."

"சிஸ்டம்னா யாரு பாக்?"

"சிஸ்டம்னா... சிஸ்டம்தான்."

"அவர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன். நல்லவரா?"

அவளை அனுப்பிவிட்டு லூராவிடம் ஓடி, நடந்ததை மென்று விழுங்கிச் சொன்னார். லூரா கதவைச் சாத்தினார். "ஒரு வீட்டைத் திருத்தினா வார்டு சிவப்பாயிடுமா?"

"ஒரு நாளைக்கு மஞ்சளாகும் பாக்."

"மஞ்சளா!" என்று லூரா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். மாவட்டத் தரவு அலுவலகத்துக்குப் போய் பாக் குந்தோரோவைப் பாருங்க. பெரிய படிப்புப் படிச்சவர்."

குந்தோரோவின் அறையில் கேடயங்களுக்குத் தனி அலமாரி இருந்தது. தேசிய அளவிலான 'சிறந்த டிஜிட்டல் மாவட்டம்' விருதுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். தலைநகரத்திலிருந்து நடுவர்கள் வருவதாக இருந்தது. அதனால் திருத்துகிற வசதியைப் பூட்டிவைத்திருந்தார்கள். புதிதாக எழுதுகிற வசதியையும் பூட்டியாயிற்று. நகலெடுக்கிற பொத்தான் மட்டும் வேலை செய்தது.

"டேட்டா தப்புன்னு யார் சொன்னது?" என்று குந்தோரோ அன்பாகக் கேட்டார். "டேட்டா முன்னாடி போயிடுச்சு பாக். வீடுதான் இன்னும் வந்து சேரலை. முன்னாடி போனதைப் பிடிச்சுப் பின்னாடி இழுக்கறது நாகரிகமா? பின்தங்கினதைத் தூக்கி விடணும். நாங்க அதுக்குத்தானே இருக்கோம்?"

"அந்தம்மா புருஷனுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை..."

"சுகாதாரத்துக்குத் தனிச் செயலி இருக்கு. அது நம்ம துறை இல்லை."

தூக்கிவிடுவதாகச் சொன்னவர் நிஜமாகவே தூக்கிவிட்டார். மறுவாரமே சரிபார்ப்புக் குழு ஒன்று பொனிராவின் மூங்கில் வீட்டுக்கு ஒரு மினிலாரியில் வந்தது. லாரியில் ஒரு ஃப்ரிட்ஜ். பதிவில் உள்ளபடி புகைப்படம் வேண்டுமாம். மண் தரையில் டைல்ஸ் படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்தார்கள். டிரைவரின் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினார்கள். அடுப்படிக்குப் பின்னால் மூன்று மீட்டருக்குக் குழி வெட்டித் தார்ப்பாய் போட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு குவளைக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாத காஸ்தி, அந்தக் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதைப் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன்?" என்றார் குழுத் தலைவர்.

எல்லோரும் சுத்ரிமோவைப் பார்த்தார்கள். அவர் வீட்டுக்குப் போய், தன் குளத்திலிருந்து இரண்டு கெளுத்தியைப் பிடித்து வாளியில் போட்டு, தெருவழியே தூக்கிக்கொண்டு வந்தார். அவ்வளவு தூரமும் மீன் வாளிக்குள் வாலால் அடித்துக்கொண்டே வந்தது. பொனிரா வாசலில் நின்று வாளியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பதில் அவள் கரண்டியால் நாலு போட்டிருக்கலாம் என்று சுத்ரிமோவுக்குத் தோன்றியது.

படம் எடுத்து முடித்ததும் டிரைவர், "ஃப்ரிட்ஜைத் திரும்ப ஏத்தவா?" என்றான்.

குழுத் தலைவர் கைப்பேசியில் பதிவைப் பார்த்தார். "இவங்க ஃப்ரிட்ஜ்னு போட்டிருக்கே! ஒருத்தர் வீட்டுப் பொருளை அரசாங்கமே தூக்கிட்டுப் போகலாமா? திருட்டுக் கேஸ் ஆயிடும்."

ஃப்ரிட்ஜ் அங்கேயே நின்றது. சொருகினால் வீட்டு மின்சாரமே போய்விடும். அந்த வீட்டு மீட்டருக்கு ஒரு பல்பும் விசிறியும்தான் தாங்கும். பொனிரா இரண்டு நாள் அதற்குள் வெங்காயம் வைத்தாள். மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜையே சந்தையில் விற்றுவிட்டு, காஸ்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காசு கட்டி ரத்தம் சுத்தம் செய்தாள். சுத்ரிமோவுக்கு அதைக் கேட்டு அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கியது.

இறங்கிய சோறு தங்கவில்லை. நடுவர்கள் வந்தார்கள். எந்த வீட்டை நேரில் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கவும் ஒரு செயலி இருந்தது. அது பொனிராவின் வீட்டைத் தேர்ந்தெடுத்தது. லூரா சுத்ரிமோவின் சட்டையைப் பிடித்தார். "ஃப்ரிட்ஜ் எங்கே?"

"வித்துட்டாங்க பாக்."

"அரசாங்க ஃப்ரிட்ஜையா?"

"அவங்க ஃப்ரிட்ஜ்னுதானே பதிவுல இருக்கு?"

லூரா சட்டையை விட்டார். "அப்போ உங்க வீட்டு ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் வைங்க. மாடல்கூட ஒத்துப்போகும். பதிவே அதைப் பார்த்து எழுதினதுதானே?"

இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது என்பது அப்போதுதான் சுத்ரிமோவுக்கு உறைத்தது.

வீட்டில் மனைவி நர்சி ஃப்ரிட்ஜை மறித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐஸ் குச்சி செய்து விற்கிறவள். "ஏங்க, உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? உள்ளே நூறு ஐஸ் இருக்கு!"

"ஒரே ஒரு நாள்தான் நர்சி."

"எதுக்குன்னு கேட்டா சொல்லமாட்டேங்கறீங்க. முழியைப் பார்த்தாலே திருட்டு முழியா இருக்கு. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அவர் சொல்லவில்லை. பதில் சொல்லாத புருஷனை அதற்குமேல் அடிக்கவா முடியும்? வழிவிட்டாள்.

நடுவர் குழுத் தலைவி பு ஹெரவதி ('பாக்'குக்குப் பெண்பால் 'பு') மெழுகுச் சாய அச்சுப் போட்ட பட்டு பாத்திக் சட்டையில் வந்து இறங்கினார். பிளாஸ்டிக் டைல்ஸில் கால் வழுக்கியது, "அட, நல்லா மெழுகி வெச்சிருக்காங்களே!" என்று மெச்சிக்கொண்டார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். சிவப்பும் பச்சையுமாக ஐஸ் குச்சிகள் உருகிக் காலில் வடிந்தன. "சொந்தத் தொழிலும் உண்டா!" என்று குறித்துக்கொண்டார். அப்புறம் பாயில் படுத்திருந்த காஸ்தியைப் பார்த்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. முகம் ஊதிக் கண் பாதி மூடியிருந்தது.

"இவர்?"

குந்தோரோ தொண்டையைச் செருமினார். "ஓய்வெடுக்கிறார். வசதி வந்த குடும்பங்கள்ல ஆண்களுக்கு ஓய்வு நேரம் கூடுதுன்னு எங்க ஆய்வே சொல்லுது. நல்லாச் சதை போட்டிருக்காரு, பாருங்க."

பொனிரா முந்தானை மாதிரி தோளில் கிடந்த துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சுத்ரிமோவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கூனிக் குறுகி நின்றவர், எப்படியோ வாயைத் திறந்துவிட்டார்.

"இது என் வீடு!" என்று கத்தினார். "இந்த ஃப்ரிட்ஜ் என்னோடது, குளம் என்னோடது, டைல்ஸ் என்னோடது! என் வீட்டைத்தான் நகலெடுத்து வார்டு பூரா ஒட்டினேன். யார் வீட்டுக்கும் நான் போகலை. அவர் ஓய்வெடுக்கலை, செத்துக்கிட்டிருக்காரு. நான்தான் காரணம்."

லூரா கண்ணை மூடிக்கொண்டார். பு ஹெரவதி பேனாவை உயர்த்தியபடியே நின்றார்.

கைதட்டல் குந்தோரோவிடமிருந்துதான் முதலில் வந்தது.

"கேட்டீங்களா?" என்று அவர் மற்றவர்களைப் பார்த்து முழங்கினார். "இதைத்தான் நான் ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்றேன். பாரு, பார்த்த மாதிரியே பண்ணு, கொஞ்சம் மாத்து! ஒரு சாதாரண எழுத்தர், யாரும் சொல்லிக் கொடுக்காம, ஒரே ஒரு நல்ல வீட்டை வெச்சு ஒரு வார்டையே நல்ல வீடாக்கியிருக்காரு. வறுமையை ஒழிக்க மத்தவங்க பணம் செலவு பண்றாங்க. நாங்க ஒரு பொத்தானை அமுக்கினோம். ஏழை வீட்டுக்குப் போய்ப் பார்த்தாத்தானே ஏழை கண்ணுல படுவான்? இவர் போகவே இல்லையே!"

பு ஹெரவதி, "மற்ற மாவட்டங்களுக்கும் நகலெடுக்கக்கூடிய புதுமை" என்று எழுதிக்கொண்டார்.

விருது கிடைத்தது. சுத்ரிமோவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் கிடைத்தது. அதில் வேறு யாரோ ஒருவருடைய ஊர் அச்சாகியிருந்தது. போன வருஷத்துப் பத்திரத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். குந்தோரோ தோளில் தட்டி, "அடுத்த மாசம் எல்லா வார்டு எழுத்தர்களுக்கும் நீங்கதான் பயிற்சி கொடுக்கணும்" என்றார். ஒரு மனிதன் தப்பை ஒப்புக்கொண்டால் திட்டுவார்கள், அடிப்பார்கள், வேலையிலிருந்து தூக்குவார்கள் என்றெல்லாம் சுத்ரிமோ கேள்விப்பட்டிருந்தார். மாலை போடுவார்கள் என்று யாருமே அவருக்குச் சொல்லவில்லை.

கோப்பையை அலமாரியில் வைத்த மறுநாள் சி-லெம்பெரில் எல்லா வசதியும் திறந்துகிடந்தது. விருது வாங்கியாயிற்று, இனி எந்த வீடு எப்படியிருந்தால் யாருக்கென்ன? சுத்ரிமோ லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராகப் பொனிராவின் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் வழக்கம்போல இலையைப் போட்டாள்.

"சாப்பாடு வேண்டாம்க்கா. சிஸ்டம் இல்லை. அன்னைக்கே உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கணும். நான்தான்."

"தெரியும்."

"அன்னைக்கு வீட்டுல கத்தினேனே, அப்போ தெரிஞ்சிருக்கும்..."

"அதுக்கு முன்னாடியே தெரியும் பாக். ஆஸ்பத்திரிப் பொண்ணு கெளுத்திக் குளம்னு சொன்னப்பவே. இந்தத் தெருவுல உங்களைத் தவிர யார் கெளுத்தி வளர்க்கறா?"

"தெரிஞ்சுமா தினமும் எனக்குச் சோறு போட்டீங்க? ஒரு வார்த்தை கேட்கலையே!"

"கேட்டா வெட்கப்பட்டுக்கிட்டு நீங்க இந்தப் பக்கமே வரமாட்டீங்க. அப்புறம் யார் இதைச் சரி பண்றது? நீங்களா வந்து உட்காருவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்." சம்பலை ஊற்றினாள். "அதுக்குள்ள அவர் கால் இவ்வளவு வீங்கும்னு நினைக்கலை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறியது. அவர் தலை நிமிரவில்லை. சாப்பிடவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

"கை கழுவிட்டு எழுதுங்க. ஃப்ரிட்ஜ் வித்த காசு இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும்."

கார்டு திரும்ப உயிர்பெற வேண்டுமானால் பதிவு இன்றைக்கே திருந்தவேண்டும். கடையை அடைத்துவிட்டு இருவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். சுத்ரிமோ பொனிராவின் பதிவை மொத்தமாக அழித்தார். காலிக் கட்டங்கள் வெள்ளையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாகக் கேட்டார். தரை? குனிந்து தொட்டுப் பார்த்து 'மண்' என்று எழுதினார். சுவர்? மூங்கில். கழிப்பறை? பக்கத்து வீட்டோடு பங்கு. மீன்குளம்?

"குழியை மூடியாச்சு."

"மீன்?"

"போன வாரம் பொரிச்சு உங்களுக்குத்தான் போட்டேன். நல்லா இருக்குன்னு இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னீங்களே."

பாயிலிருந்து காஸ்தி சிரித்துவிட்டார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். சுத்ரிமோ அடுத்த கட்டத்துக்குப் போனார்.

"ஃப்ரிட்ஜ்?"

பொனிரா மூலையைக் காட்டினாள். நடுவர்கள் போனதிலிருந்து அவருடைய ஃப்ரிட்ஜ் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நர்சியின் திட்டுக்குப் பயந்தும், தூக்கிப்போக வருவதற்கு முகமில்லாமலும் அவர் விட்டுவைத்திருந்தார்.

"அது என்னோடதுதானே. இல்லைன்னு போட்டுடறேன்" என்றார்.

"போடாதீங்க."

"அக்கா, இருக்குன்னு போட்டா கார்டு வராது!"

"இருக்கறதை இல்லைன்னு போட்டா நாளைக்கு எவனாவது வந்து பார்த்துட்டு மறுபடி கார்டைப் பிடுங்குவான். இன்னொரு பொய் எனக்கு வேண்டாம் பாக். முதல்ல எடுத்துட்டுப் போங்க. அப்புறம் எழுதுங்க."

தள்ளுவண்டி ஒன்றை இரவல் வாங்கி, ஃப்ரிட்ஜை ஏற்றிக் கயிறு கட்டினார். நல்ல பகல் வேளை. தெருவில் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். திண்டாடித் திண்டாடி இழுத்துக்கொண்டு போனார். அவள் வீட்டு வாசலைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, லேப்டாப்பைத் திறந்து, 'இல்லை' என்று குறித்து அனுப்பினார். சி-லெம்பெர் கொஞ்சநேரம் சுற்றியது. "நன்றி. தங்கள் வீடு முழுமையடைந்தது. கார்டு இன்று முதல் செல்லும்" என்றது. திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பொனிரா காஸ்தியை ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப உள்ளே போனாள்.

சுத்ரிமோ மறுபடி வண்டியைப் பிடித்தார்.

அடுத்த வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கேட்டாள். "என்ன பாக், ஃப்ரிட்ஜோட ஊர்வலம்?"

"ஒரு கட்டத்தைத் திருத்தறேன்மா."

"அப்படியா? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்காமே. பையனுக்குப் பள்ளிக்கூட உதவிப் பணம் நின்னுபோனப்போ சொன்னாங்க. அதையும் வந்து எடுத்துட்டுப் போங்க."

எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னோடதையும் பாக். குளத்தையும் சேர்த்து."

"எங்க வீட்டு மோட்டார் சைக்கிளை மறந்துடாதீங்க!"

யாரும் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். தெரு நெடுகிலும், வீட்டுக்கு வீடு, அவருடைய ஃப்ரிட்ஜைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

"வர்றேன். ஒவ்வொரு வீடா வர்றேன்" என்று சுத்ரிமோ யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இழுத்தார். கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. இரண்டு கையும் வண்டியில் இருந்தன.